சந்தேகத்துக்குரிய தாய்மாமன்

"ஏத்தா... நான் என்ன கள்ள நோட்டா குடுத்தேன்?"

போன வாரம் ஒரு காலை. காபி டம்ளரை இன்னும் வாயில்கூட வைக்கவில்லை. போனை எடுத்ததும் 'நல்லா இருக்கியா' இல்லை, 'சாப்பிட்டியா' இல்லை — இந்தக் கேள்விதான் வந்து விழுந்தது. பேசியது ஜெயமங்கலத்தில் விவசாயம் பார்க்கிற என் தாய்மாமா, ராசாங்கம் மாமா.

"என்ன மாமா சொல்றீக?"

"உன் தங்கச்சியக் கேளு. அவ கடைக்கு நான் போட்ட போணிக் காசு திரும்பி வந்துருக்கு. கூடவே இங்கிலீசுல ஒரு மெசேஜு. நமக்கு எங்க படிக்கத் தெரியும்? டீக்கடையில குடுத்து வாசிக்கச் சொன்னேன். நான் போட்ட காசு சந்தேகத்துக்குரிய காசாம்ல! அம்புட்டுப் பேரும் உக்காந்துருக்காக... சத்தமா வாசிச்சுட்டான். இனி போடிப் பக்கம் என் காலு படாது. சொல்லிப்புடு அவகிட்ட."

டக்கென்று வைத்துவிட்டார். காபி ஆறிப்போனது. நான் கொதிக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. மீதிச் சில்லறை தராத கண்டக்டர், வரிசையின் நடுவில் நுழைகிறவர், கல்யாணப் பந்தியில் நம் இலையை மறித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவர் — எல்லோர் மேலும் கோபப்பட்டு எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வசதி இருந்தது. கோபப்பட எதிரே ஒரு முகம் இருந்தது. இந்த முறை முகமே இல்லை. திட்ட வேண்டும் என்றால் யாரைத் திட்டுவது? கம்ப்யூட்டரையா?

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தங்கை மகேஸ்வரியைப் போடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இலவம்பஞ்சுத் தலையணை தைத்து விற்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், நாலைந்து தையல் மெஷின், தைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள். அவள் வீட்டுக்காரர் பஞ்சு வாங்க ஊர் ஊராகச் சுற்றுகிறவர். தலையணை எல்லாம் மொத்தமாக வெளியூர் மெத்தைக் கடைகளுக்குப் போகும். அங்கே அவர்கள் லேபிளை ஒட்டி, பிளாஸ்டிக் கவர் போட்டு, இவள் கொடுத்த விலைக்கு இரண்டு பங்கு வைத்து விற்பார்கள்.

ஒருமுறை மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தன் தலையணையையே பார்த்திருக்கிறாள். ஓரத் தையலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். விலையைக் கேட்டாள். அப்புறம் அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

"அக்கா, நானே நேரா வித்தா என்ன? இப்பத்தான் எல்லாரும் ஆன்லைன்ல விக்கிறாகளே..."

விற்கலாமே. எல்லா மேடையிலும் அதைத்தானே சொல்கிறார்கள்? சிறுதொழில் செய்கிறவர்களே, ஆன்லைனுக்கு வாருங்கள், உலகமே உங்கள் சந்தை, ஒரு விரல் அசைவு போதும்... ஒரு விரலா? அவளுக்குப் பத்து விரலும் போதவில்லை.

வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே வெப்சைட் போட்டாள். அதற்கு அந்த வெப்சைட் கம்பெனி கேட்ட கேள்விகள் இருக்கிறதே! 'உங்கள் பிராண்டின் கதை என்ன?' என்று ஒரு கட்டம். "தலையணைக்கு என்னக்கா கதை? தலைய வச்சாத் தூக்கம் வரும். அம்புட்டுத்தான்" என்றாள். அதையே எழுதச் சொன்னேன். குறைந்தது இத்தனை வார்த்தை வேண்டும் என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டது.

அடுத்து, ரிட்டர்ன் பாலிசி. வாங்கியவருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு வாரம் தலைவைத்துப் படுத்து, எண்ணெய் தடவி, குழந்தை உச்சா போன தலையணையைத் திருப்பி வாங்கி அவள் என்ன செய்வாள்? யாருக்கு விற்பாள்? நீங்கள் வாங்குவீர்களா?

அப்புறம் கொரியர். இலவம்பஞ்சுத் தலையணை கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் கொரியர் கணக்கில் எடை வேறு, இடம் வேறு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, எதனாலோ வகுத்து, 'இது ஐந்து கிலோ' என்றார்கள். தராசில் வைத்துக் காட்டினாள். தராசை யார் பார்த்தது? ஸ்கிரீனைத்தான் பார்த்தார்கள்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். கடைசியாக வந்தது பணம் வாங்குகிற ஏற்பாடு. நடுவில் ஒரு பேமென்ட் கம்பெனி. வாங்குகிறவர் கட்டும் பணம் முதலில் அவர்களிடம் போய், அவர்கள் கமிஷன் எடுத்துக்கொண்டு, பிறகு இவள் பேங்க் கணக்குக்கு வரும். பான் கார்டு, ஆதார், கேன்சல் செய்த செக், ஷெட்டின் போட்டோ, அந்த ஷெட் வாசலில் அவளே நிற்கிற போட்டோ — கேட்ட எல்லாவற்றையும் கொடுத்தாள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். ஒருவழியாகப் பச்சை டிக் விழுந்தது.

நல்ல நாள் பார்த்தாள். கடை திறக்கிறோம் இல்லையா? அந்த நாள் காலையில், போனில் இருக்கிற எங்கள் குடும்ப குரூப்பில் இரண்டு லிங்க்கைப் போட்டாள். ஒன்று தலையணைகள் இருக்கிற கடை. இன்னொன்று நேராகப் பணம் கட்டுகிற பக்கம் — அதில் தொகையை நாமே அடித்துக்கொள்ளலாம், கீழே குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டமும் உண்டு. 'நம்ம கடை திறந்தாச்சு. எல்லாரும் வந்து போணி பண்ணணும்' என்று ஒரு வரி எழுதினாள்.

அங்கேதான் விதி சிரித்திருக்க வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஜனத்தில் ஒரு கடை திறந்தால் சொந்தபந்தம் பொருள் வாங்குவதற்காக வருவதில்லை. கைராசிக்கு வருவார்கள். தட்டில் நூற்றொன்றோ ஐந்நூற்றொன்றோ வைப்பார்கள், கொடுக்கிற கலர் சோடாவைக் குடிப்பார்கள், 'நல்லா வருவத்தா' என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். போணியும் அதுதான், மொய்யும் அதுதான். அன்றைக்குப் போய்ப் பொருளைக் கேட்டால்தான் தப்பு. 'குடுத்த காசுக்கு உடனே கைநீட்டுறான் பாரு' என்று பேசுவார்கள்.

அதையே செய்தார்கள். தலையணை லிங்க்கை ஒருத்தர் தொடவில்லை. எல்லோரும் நேராகப் பணம் கட்டுகிற பக்கத்துக்குப் போனார்கள்.

போனார்கள் என்றால் உடனே இல்லை. ராசாங்கம் மாமாவின் வாய்ஸ் மெசேஜ் முதலில் வந்துவிட்டது. "ஏலே, எவனும் எனக்கு முந்திப் போட்டுறாதீக. தாய்மாமன் போணி முதல்ல விழுகட்டும். அப்புறம் நீங்க போடுங்க."

மாமாவுக்குப் போனில் பணம் அனுப்பிப் பழக்கமில்லை. ரகசிய எண்ணைத் தப்பாக அடிக்கிறார், மறுபடி அடிக்கிறார், நெட் போகிறது, மோட்டார் ரூமிலிருந்து வரப்புக்கு வந்து நின்று அடிக்கிறார். குரூப்பில் கனத்த அமைதி. நல்ல நேரம் வேறு முடியப்போகிறது. தேனியில் நான் ஐந்நூற்றொன்றை அடித்து வைத்துக்கொண்டு, விரலை நீட்டியபடி காத்திருக்கிறேன். கடைசியில் மாமாவின் குரல் வந்தது — "விழுந்துருச்சு!"

அவ்வளவுதான். கண்மாய் மடையைத் திறந்துவிட்டதுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டார்கள்.

கெங்குவார்பட்டியில் என் சித்தி மகன் பாண்டி இருக்கிறான். அந்தத் தெருவில் எங்கள் சொந்தக்கார வீடுகள் நிறைய. பெரியவர்கள் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். அவர்கள் ரொக்கத்தைப் பாண்டி கையில் கொடுக்க, அவன் தன் ஒரே போனிலிருந்து ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனியாகப் போட்டான். குறிப்புக் கட்டத்தில் ஒழுங்காகப் பெயரும் எழுதினான். மொய் என்றால் பேர் முக்கியம் இல்லையா?

ஓடைப்பட்டி அத்தை இன்னும் ஒருபடி மேலே போய்விட்டார். ஆயிரத்தொன்று போட்டு, குறிப்பில் தன் பேத்தியை விட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார் — 'தை மாசம் எங்க வீட்டுல விசேசம் இருக்கு. அப்ப திருப்பிச் செய்யணும்.'

எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஒரு பந்தல் இல்லை, மைக்செட் இல்லை. ஆனாலும் என் தங்கச்சிக்குச் சனம் கூடியிருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது. மகேஸ்வரி போனில் அழுதாள். "அக்கா, இம்புட்டுப் பேரு நமக்கு இருக்காகளா!"

மறுநாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டிருந்தது.

ஏன்? ஒரே நாளில், ஒரே வட்டாரத்திலிருந்து, அரைமணி நேரத்துக்குள் அத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். எல்லாத் தொகையும் ஒன்றில் முடிகிறது. ஒருவர்கூடப் பொருள் வாங்கவில்லை. டெலிவரி விலாசமே கிடையாது. கெங்குவார்பட்டியில் ஒரே போனிலிருந்து பல பெயர்களில் பணம் வருகிறது. போதாததற்கு ஓடைப்பட்டியில் ஒருவர் தை மாதம் திருப்பித் தரச் சொல்கிறார்! நீங்கள் தலையணை விற்கிறீர்களா, இல்லை பொதுமக்களிடம் டெபாசிட் வசூலிக்கிறீர்களா?

ஆமாம், அப்படித்தான் கேட்டிருந்தார்கள். இங்கிலீஷில், மரியாதையாக.

முறைப்படி பார்த்தால் அவர்கள் சந்தேகப்பட்டதையே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊரில் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். சீட்டு என்றும் ஸ்கீம் என்றும் வாங்கிச் சுருட்டிக்கொண்டு போனவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் விசாரிக்கட்டும். என் கேள்வி இதுதான் — விசாரிக்கிறது என்றால், எதிராளி சொல்கிற பதிலைக் காதில் வாங்க ஒரு ஆள் வேண்டாமா?

போன் நம்பரைத் தேடினோம். இல்லை. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு பட்டன் இருந்தது. தட்டினால் ஒரு சாட் பெட்டி திறந்தது. அதற்கு ஒரு பெண் பெயர் வேறு வைத்திருந்தார்கள், அக்கறையாகப் பேசுகிறமாதிரி. 'வணக்கம்! இன்று நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?'

நான்தான் போடிக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து அடித்தேன்.

'எங்கள் கணக்கை ஏன் நிறுத்தினீர்கள்?'

'உங்கள் பிரச்சினையைக் கீழ்க்கண்டவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கவும்.'

தேர்ந்தெடுத்தேன். அது இன்னொரு பட்டியலைக் காட்டியது. அதில் ஒன்றைத் தட்டினேன். அது ஒரு கட்டுரையைப் படிக்கச் சொன்னது. கட்டுரையைப் படித்தேன். 'இது உங்களுக்கு உதவியாக இருந்ததா?' என்று கேட்டது. 'இல்லை' என்று அடித்தேன். 'வருந்துகிறோம். இன்று நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?' என்று முதலிலிருந்து ஆரம்பித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நல்ல தேனி மாவட்டத் தமிழில் நாலு வார்த்தை அடித்தேன். 'மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை' என்றது. புரியாததும் நல்லதற்குத்தான்.

மகேஸ்வரி மெயில் எழுதினாள். இவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள், கடை திறந்ததற்கு மொய் போட்டிருக்கிறார்கள், இது எங்கள் வழக்கம் என்று விளக்கமாக, பணிவாக எழுதினாள். பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

'மொய் என்ற பொருளுக்கான இன்வாய்ஸையும், அது வாடிக்கையாளரிடம் டெலிவரி செய்யப்பட்டதற்கான ஆதாரத்தையும் இணைக்கவும்.'

என்னத்தை இணைப்பது? மொய்யை எந்தக் கொரியரில் அனுப்புவது? அதற்கும் நீளம் அகலம் உயரம் பெருக்குவார்களோ?

அதற்குப் பிறகு நாங்கள் எழுதிய எதற்கும் பதில் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். பூசாரியாவது கண்ணுக்குத் தெரிகிறவர். காலில் விழலாம், சட்டையைப் பிடிக்கலாம். இங்கே எதைப் பிடிப்பது?

பணம் கொஞ்ச நாள் முடங்கிக் கிடக்கும், அப்புறம் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அவர்களோ எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போட்டவர்கள் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றம் என்பதால் உங்கள் தொகை திருப்பி அனுப்பப்பட்டது' என்று ஆளுக்கொரு மெசேஜ். மாமாவின் போன் வந்த பிறகுதான் என் போனைப் பார்த்தேன். எனக்கும் அதே மெசேஜ். என் தங்கைக்கு நான் போட்ட ஐந்நூற்றொன்று சந்தேகத்துக்குரியதாம்!

பணம் நஷ்டமாகாமல் திரும்பி வந்ததே, நல்லதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் மொய்யைத் திருப்புவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. பங்காளிகள் அடிதடியில் இறங்கி, கோர்ட் வரைக்கும் போய், இனி ஒருவர் சாவுக்கு ஒருவர் வரமாட்டோம் என்று ஆகிறபோது செய்கிற காரியம் அது. 'உன் காசு எனக்கு ஆகாது' என்றால் 'நீ எனக்கு ஆகாது' என்று அர்த்தம். அந்தக் கம்பெனி ஒரே நொடியில், ஒரு பட்டனில், என் தங்கையை மொத்தச் சொந்தத்தோடும் அறுத்துவிட்டது.

மற்றவர்களை எல்லாம் போனிலேயே சமாளித்தோம். பாண்டி சிரித்துவிட்டான். ஓடைப்பட்டி அத்தை, "அப்ப தை மாசம் நீ செய்ய வேண்டியதில்லன்னு சொல்லு" என்று சுருக்கென்று கேட்டார், பிறகு ஒருவழியாக இறங்கி வந்தார். மாமாதான் போனை எடுக்கவில்லை.

அது சின்ன விஷயமில்லை. எங்கள் அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேர் கல்யாணத்தையும் முன்னால் நின்று நடத்தியவர் அவர். மகேஸ்வரி பிரசவத்தில் சிரமப்பட்டபோது ஆஸ்பத்திரி வாசலில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர். அவள் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் தட்டு அவருடையது. அந்த மனிதரை டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே!

"கடை வேண்டாம்க்கா, மூடிர்றேன்" என்றாள் மகேஸ்வரி. "மாமா வராத வீட்டுல எனக்கு என்ன ஏவாரம்?"

"மொதல்ல கெளம்பு" என்றேன்.

பெரியகுளம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஜெயமங்கலத்தில் இறங்கினோம். மாமா வீட்டில்தான் இருந்தார். எங்களைப் பார்த்தார். 'வாங்க' என்று சொல்லவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டில் எங்களை 'வாங்க' என்று சொல்லாத முதல் நாள் அதுதான். அத்தைதான் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

நான் ஆரம்பித்தேன். கம்பெனி, கம்ப்யூட்டர், சாட், இன்வாய்ஸ் என்று ஒரு மூச்சு பேசினேன். அந்தக் கம்பெனிக்காரனை என் வாய் வலிக்கிற வரைக்கும் வைதேன். "ஒரு மனுசன் இல்ல மாமா அங்கன! பேசுறதுக்கு, கேக்குறதுக்கு ஒரு மனுசன் இல்ல. எல்லாம் மெசேஜு, லிங்க்கு!"

மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் மகேஸ்வரியைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தக் கம்பெனிக்காரன் என்னையப் பாத்தது இல்ல, பழகுனது இல்ல. அவன் சந்தேகப்பட்டான். வுட்டுத் தள்ளு. நீ கடை தொறந்த. வந்து கூப்புட்டியா? வெத்தல பாக்கு வச்சு, மாமா வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னியா? நீயும் லிங்க்குத்தான அனுப்புன? போடிக்கும் ஜெயமங்கலத்துக்கும் பஸ்ஸா இல்ல?"

கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை நான் கீழே வைத்தேன். மாமா நிறுத்தவில்லை.

"அதையும் நான் பொறுத்துக்கிட்டேன். புள்ள புதுசா ஏதோ பண்ணுது, இதுல இப்புடித்தான் போலன்னு நெனச்சு, வரப்புல நின்னு நம்பர் அடிச்சேன். அந்தக் காசத்தான்த்தா திருப்பி அனுப்பிட்டாக."

மகேஸ்வரி உடைந்துவிட்டாள். அழுகையோடு அவள் சொன்னது எனக்கே அன்றுவரை தெரியாது.

"வர நேரமில்லாம இல்ல மாமா. பயம். நேர்ல வந்து, வெத்தல பாக்கு வச்சு உங்கள எல்லாம் கூப்புட்டு, கடை ஓடலேன்னா? உங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்? லிங்க்கு அனுப்பிச்சா... ஓடலேன்னாலும் சத்தமில்லாம மூடிறலாம்னு நெனச்சேன்."

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று நாங்கள் நம்ப வேண்டும்.

"கிறுக்கி" என்றார். "ஓடாட்டி என்னத்தா? நம்ம சனம் அம்புட்டுப் பேருக்கும் தலை இருக்குல்ல? ஆளுக்கு ஒரு தலையாணி வாங்கிட்டுப் போறோம்."

அத்தை உள்ளே போனார். அவர்கள் வீட்டு வெற்றிலையையே ஒரு தட்டில் வைத்து, பாக்கும் வைத்து, மகேஸ்வரி கையில் கொடுத்தார். "இந்தா, இத வச்சு உங்க மாமாவக் கூப்புடு. அவுக எழுந்து வரட்டும்."

கூப்பிட்டாள். அதற்கப்புறம்தான் மாமா என்னைப் பார்த்து, "வாத்தா, எப்ப வந்த?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் முடிந்தது. ஆனாலும் திரும்பி வருகிற பஸ்ஸில் என் கோபம் தீரவில்லை. மாமா கேட்டது சரி. நாங்களும் ஒரு மனுஷன் நேரில் போக வேண்டிய இடத்துக்கு லிங்க்கை அனுப்பியவர்கள்தான். அதற்காக அந்தக் கம்பெனியை விட்டுவிட முடியுமா? அவள் பயந்தாள், பிறகு பஸ் ஏறிப் போய் அழுதாள். அவர்கள் எந்த பஸ் ஏறுவார்கள்? யாரிடம் வந்து மன்னிப்புக் கேட்பார்கள்? ஒரு வட்டாரமே சேர்ந்து ஒருத்தியை நம்பிக் காசு போட்டது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நம்பிக்கை. அவர்கள் ஊரில் அதே காரியத்துக்குப் பெயர் மோசடி. ஊரே நம்பினாலும் கம்ப்யூட்டர் நம்பாவிட்டால் கடையை மூட வேண்டும் என்றால், இது யாருக்கான சந்தை?

பணமெல்லாம் திரும்பிப் போனதும் கணக்கைத் திறந்துவிட்டார்கள். 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று ஒரு மெயில். ஒத்துழைப்பாம்! கூடவே ஒரு நிபந்தனை. இனி ஒவ்வொரு விற்பனைக்கும் பொருளை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்ற விவரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி சந்தேகம்.

அடுத்த முகூர்த்த நாளில் ராசாங்கம் மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போடிக்கு வந்து இறங்கினார். கடை எங்கே என்று கேட்டார். மகேஸ்வரி மேஜை மேல் இருந்த லேப்டாப்பைக் காட்டினாள். சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச் சுற்றியிருந்தாள். மாமா அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். இந்த முறை ஒழுங்காகத் தலையணை லிங்க்கைத் திறந்து, இரண்டு தலையணையைத் தேர்ந்தெடுத்து, ஜெயமங்கலம் விலாசத்தைச் சொல்லி அடிக்கவைத்தார். கடைசியில் கொரியர் கட்டணம் வந்து நின்றது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது என்னத்தா இம்புட்டு?"

"எடைக்கு இல்ல மாமா. அது அடைக்கிற இடத்துக்கு."

"பஞ்சுக்குள்ள இருக்குற காத்துக்கா காசு கேக்கான்? தூக்கு அத. நானே கொண்டுட்டுப் போறேன். ரெண்டு கையும் வீசிக்கிட்டுத்தான போறேன்!"

மகேஸ்வரி கொரியர் கட்டணத்தை நீக்கினாள். மாமா பணத்தைக் கட்டினார். ரகசிய எண் முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது. அத்தனை பேரும் கைதட்டினோம். இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு தலையணையை இடுக்கிக்கொண்டு, வேட்டி தடுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, மாமா பஸ் ஏறினார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டேன்த்தா, தலையாணியும் வந்துருச்சு" என்று போன் செய்தார்.

மகேஸ்வரி லேப்டாப்பைத் திறந்தாள். 'டெலிவரி முடிந்தது' என்பதைத் தட்டினாள். 'கொண்டு சேர்த்தவர்' என்று ஒரு கட்டம் கேட்டது. பட்டியலில் பெரிய பெரிய கொரியர் கம்பெனிகளின் பெயர்கள். கடைசியில் 'மற்றவை' என்று இருந்தது. அதைத் தட்டி, பக்கத்தில் 'தாய்மாமன்' என்று அடித்தாள்.

உடனே பச்சை டிக் விழுந்தது. இந்தத் தடவை யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை!